மில்லுக்காரர் வீட்டு இளைய மகள்

வண்ணார்பேட்டையில் ஆற்றைப் பார்த்து நிற்கும் மில்லுக்காரர் பங்களாவுக்கு முத்துராணிதான் காவல். முதலாளியின் நூல் மில்லில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள். சங்கு ஊதியதும் ஓடுகிற ஓட்டத்தில் பங்களாவின் கலர்க் கண்ணாடி ஜன்னல்களை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. முதலாளி காலமாகி, மில்லும் மூடி, பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்தபின், வீட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ள மேனேஜர் அவளை அமர்த்தினார். முதல் நாள் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்ததிலேயே பொழுது போய்விட்டது. துடைப்பத்தைத் தொடவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் எடுக்கும் வழக்கம் வந்ததும் பங்களாவுக்கு மவுசு கூடியது. மேலப்பாளையத்துப் போட்டோக்காரன் உசாமா முதல் ஜோடியைக் கூட்டிவந்த அன்று முத்துராணி பட்டுச்சேலையில் இருந்தாள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தாள்.

"நீங்க முதலாளி மகளா?" என்று கல்யாணப்பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "இளையவ" என்று வந்துவிட்டது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனால் சுகமாக இருந்தது. அன்றிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் பட்டுச்சேலைதான். அப்பாவைப் பற்றிக் கேட்டால் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், ஜோடி யாராவது வரலாம் என்று முத்துராணி பட்டுச்சேலையில் இருந்தபோது, நரைத்த தலையோடு ஒரு அம்மாள் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"செருப்ப அங்கன போட்டுட்டு வாங்கம்மா. பைய வாங்க, தரை வழுக்கும்" என்று முத்துராணி முன்னால் நடந்தாள். "இந்தா இருக்கு பாருங்க மாடிப்படி, எங்க அப்பா இதுல குதிரையிலதான் ஏறிப் போவாவ."

"குதிரையா?"

"வெள்ளக் குதிரை! மேல வரைக்கும் இறங்க மாட்டாவ."

அந்த அம்மாள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்குக் குதிரைன்னா குலை நடுங்கும். அவருக்கு சைக்கிளே ஓட்ட வராது."

அப்போதுதான் முத்துராணிக்கு விளங்கியது. வந்திருப்பவள் பெங்களூரில் இருக்கும் சித்ரலேகா, முதலாளியின் ஒரே மகள். வேலை போனது என்று நினைத்தாள். இந்தச் சேலையோடு எங்கே ஓடி ஒளிவது என்றும் நினைத்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி உண்டுன்னு யாருமே சொல்லலையே" என்றாள் சித்ரலேகா.

"தப்புத்தான் தாயி. மன்னிச்சிருங்க."

"அண்ணன்மார் என்னைச் சேத்துக்கவே மாட்டாங்க. இவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா விளையாடிட்டுக் கிடந்தேன். தங்கச்சி வேணும்னு அழுது அடிகூட வாங்கியிருக்கேன்." அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "சரி, அக்கா வந்திருக்கேன். ஒரு காப்பி கிடையாதா?"

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். முதலாளி குறட்டை விட்டால் கூடத்துப் புறாக்கள் பறந்துபோகும் என்று சித்ரலேகா சொன்னாள். முதலாளி மில்லுக்குள் வந்தால் பெண்கள் கண்ஜாடை காட்டித் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அவருடைய பட்டப்பெயரை முத்துராணி சொன்னாள். அதற்கும் சிரிப்புத்தான். ஆட்டோ ஏறும்போது, "மேனேஜர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் சித்ரலேகா.

இனிப் பொய்யே வேண்டாம் என்று முத்துராணி முடிவு செய்தாள். அடுத்த ஜோடி வந்தபோது பழைய நூல்சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"நான் இங்கன பெருக்கித் துடைக்கவ, வேற யாருமில்ல" என்றாள்.

உசாமா மாப்பிள்ளையின் காதில் கிசுகிசுத்தான். "பெரிய இடத்துக்காரவுக எவ்வளவு அடக்கமாப் பேசுதாக பாத்தீங்களா? கால்ல விழுந்து கும்பிட்டுக்கிடுங்க."

முத்துராணி தடுப்பதற்குள் இருவரும் விழுந்துவிட்டார்கள்.