பிலோ வீட்டு மெஷினும் என் பதின்மூன்று சனிக்கிழமைகளும்

செல்வராஜ் போன் செய்தபோது நான் வாசலில் நின்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "ரங்கு அக்கா, எங்க அக்கா போயிட்டாங்க. காலைல பூசைக்குக் கிளம்புனவங்க, செருப்பு மாட்டும்போது அப்டியே உக்காந்துட்டாங்க" என்றான். பிலோமினாவின் தம்பி அவன். முப்பது வருஷத்துச் சிநேகிதி செத்துப்போனாள் என்று சொல்கிறான், என் வாயில் முதலில் வந்த கேள்வி "மெஷின் ஆன்ல இருக்கா?" என்பது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க வாங்க" என்றான்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் என் வீட்டிலிருந்து பிலோ வீடு இருக்கும் மர்பி டவுன் போக அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மெட்ரோவுக்காக அல்சூர்ப் பக்கம் ரோட்டையே தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரரைத் திட்டினேன், தோண்டினவர்களைத் திட்டினேன், கடைசியில் பிலோவையும் திட்டினேன். அறுபதுகூட முடியவில்லை, என்ன அவசரம் இவளுக்கு?

இதைப் படிக்கும் நீங்கள் எங்கள் பழைய தொழிற்சாலைக்காரர்களாக இருப்பீர்கள், அல்லது பிலோவின் தெருக்காரர்களாக இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் பிலோவை நன்றாகத் தெரியும். ஆனால் அவளைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்க்குக் காரணம் நான். அதைச் சொல்லாமல் அவளைப் புகழ்ந்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நாங்கள் இருவரும் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தொண்ணூறுகளின் நடுவில் பழைய மெஷின்களைக் கழித்துக் கட்டியபோது, பிலோ ஒன்றை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை அதில் ஏற்றினாள். ஏற்றி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மோடத்தைப் போன் வயரில் மாட்டினாள். காலை ஐந்தரைக்கும் மாலை ஆறரைக்கும் அந்த மெஷின் தானே போன் போடும், கீச்சென்று கத்தும், வந்திருக்கும் மெயிலை எல்லாம் இழுத்து வீட்டுக்கு ஒரு பெட்டியாகப் பிரித்து வைக்கும். அந்தத் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகளுக்கு அதில் பெட்டி இருந்தது. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த பெண்கள், குவைத்தில் டிரைவர், கப்பலில் சமையல்காரர் என்று எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வெளியே இருந்தார். அவர்கள் எழுதியதை பிலோ டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், ஆபீஸில் வீணாய்ப்போன பச்சைக்கோட்டுப் பேப்பரின் பின்பக்கத்தில் அச்சடிப்பாள். மடித்து, குண்டூசி குத்தி, ஞாயிறு பூசை முடிந்ததும் கொடுப்பாள்.

அந்த மெஷின் இருந்த இடம் சமையலறை. அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், மேல்மூடி இல்லாமல், ஒரு டேபிள் ஃபேன் அதன் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருக்கும். பிலோவும் அவள் அம்மாவும் வேர்த்து வழிந்துகொண்டே சமைப்பார்கள். "மனுஷாளுக்கு ஃபேன் கிடையாது, டப்பாவுக்கு ஃபேனா?" என்று நான் கத்துவேன். "நமக்கு வேர்த்தா தொடைச்சுக்கலாம்டி. அதுக்குக் கையா இருக்கு?" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் கிரிக்கெட் மாட்ச் முடியும் நேரத்தில் கரண்ட் போயிற்று. மெஷினுக்கென்று பிலோ ஒரு பழைய கார் பேட்டரி வைத்திருந்தாள். அதில் டிவியை ஓட்டச் சொல்லித் தெருவே வாசலில் வந்து நின்றது. "மெயிலு என்ன ஓடியா போயிடும், பிலோக்கா? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கன்னடம் கலந்து கெஞ்சினார்கள். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, "ஆறரைக்கு மெஷினு போன் போடணும். யாரு ஊட்டுக் காயிதம் வந்திருக்கோ, எனக்கு இன்னா தெரியும்? போய் ரேடியோல கேளுங்கப்பா" என்றாள். நானே அன்றைக்கு அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வாரம் அந்தத் தெருப் பையன்கள் அவளைப் பார்த்தால் பேசவில்லை. அவளும் அதைச் சட்டை செய்யவில்லை.

விக்டோரியா அக்காவைச் சொல்லியாக வேண்டும். பிலோ வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவர் மகன் எட்வின் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டுக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். இரண்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. ஒரு ஜூலை மாதம் திடீரென்று மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பிலோ அவரை உள்ளே கூட்டிப்போய், சமையலறைக் கதவைச் சாத்தி, வெளியே ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்லிவிட்டுப் படித்துக் காட்டினாள். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். அன்றைக்குப் பிரிண்டரில் ரிப்பன் காய்ந்துபோய் எழுத்து விழவே இல்லை. "இருக்கட்டும் பிலோ, புது ரிப்பன் வந்ததும் நல்லா எடுத்துக் குடு. ஃபிரேம் போட்டு வெச்சுக்கிறேன்" என்றார். "மெஷின்ல பத்திரமா இருக்குக்கா, எங்கயும் போவாது" என்றாள் பிலோ. ரிப்பன் வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை எல்லா வீட்டுக் காயிதத்தையும் வாயால்தான் படித்துக் காட்டினாள்.

பத்திரமாக இருக்க வைப்பது என் வேலை. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் நான் மர்பி டவுன் போவேன். அந்த நேரத்தில் பிலோ சர்ச்சில் பாட்டுப் பழக்கப் போய்விடுவாள். நான் இன்னொரு டிஸ்க்கை மெஷினில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டும். எடுத்த நகலில் ஏதாவது ஒன்றைத் திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று முதல் வரியை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு சுவரில் ஆணியில் தொங்கும் நோட்டில் தேதி போட்டு டிக் அடித்துவிட்டு, டிஸ்க்கை என் வீட்டு பீரோவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கக் கூடாது என்பது பிலோவின் சட்டம். "அடுத்தவங்க காயிதம்டி. நம்மளுதா இருந்தா நாசமாப் போவட்டும்" என்பாள்.

அந்த ஜூலையிலிருந்து நான் நகல் எடுக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வேலை முடிய முழுசாக ஒன்றரை மணி நேரம் ஆகும். என் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிலோவின் அம்மா கொடுக்கும் காபியைக் குடிப்பேன், அரட்டை அடிப்பேன், நோட்டில் டிக் போடுவேன், பஸ் பிடிப்பேன். அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். இப்படிப் பதின்மூன்று சனிக்கிழமை. சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

புரட்டாசி மழையில் பிலோ வீட்டு ஓடு ஒழுகியது. கூரையைப் பிரித்து வேய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவள் மெஷினை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மல்லேஸ்வரத்துக்கு வந்தாள். "தண்ணி மட்டும் படாம பார்த்துக்கோடி ரங்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சைக்கிள் பம்ப்பிலிருந்து பஸ் வரைக்கும் அன்றைக்குக் குளியலும் பொட்டும் உண்டு. எங்கள் வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. பிலோவின் மெஷினை மட்டும் விட்டுவிட்டால் அது என்ன நினைத்துக்கொள்ளும்? எங்கள் போன் வயரில் மாட்டி ஓடிக்கொண்டிருந்ததை முறைப்படி அணைத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினேன். தொழிற்சாலையில்கூட அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்குத்தான் பொட்டு வைப்போம். அந்த உறை எனக்கு ஞாபகம் வரவில்லை. என் மாமனார் மந்திரம் சொல்லி, மாவிலையால் தீர்த்தத்தை எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தெளித்தார். பிலோவின் மெஷினுக்குத்தான் மூடியே கிடையாதே.

மறுநாள் காலையில் போட்டேன். ஒரு வாடை வந்தது, அப்புறம் டிக் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டிஸ்க் போய்விட்டது. பிலோவுக்குப் போன் செய்தேன். தீர்த்தம் தெளித்த கதையைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். "நல்லது நெனைச்சுத்தானே பண்ணே. பேஜார் ஆவாதே. உங்க ஊட்டு பீரோல காப்பி இருக்கில்ல?" என்றாள். நான் "இருக்கு" என்றேன். இருந்தது, ஜூலை முதல் வாரம் வரைக்கும்.

சாயங்காலம் வந்து, கெட்டதைக் கழற்றிவிட்டு பீரோ டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தாள். கடைசித் தேதியைப் பார்த்தாள். சுவர் நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அதைப் பிரித்து என் டிக்குகளைப் பார்த்தாள். நான் அழத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானாக இருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன். அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "காப்பி எடுத்தேன்னு எழுதுனா அது காப்பி இல்லடி ரங்கு. தொறந்து படிச்சாத்தான் காப்பி" என்றாள். அதற்குப்பின் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பதினோரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், "என் தப்பு. காப்பி எடுக்காம விட்டுட்டேன். மூணு மாசத்துக் காயிதம் போச்சு" என்று சொன்னாள். நான் கூடவே போனேன். ஒவ்வொரு வாசலிலும் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன், திறக்கவில்லை. பத்து வீட்டுக்காரர்கள் பரவாயில்லை என்றார்கள். விக்டோரியா அக்கா கதவைச் சாத்தினார். நாலு மாதம் பிலோவோடு பேசவில்லை. சர்ச்சில் அவள் உட்காரும் வரிசையில்கூட உட்காரவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு எல்லோருக்கும் இலவச மெயில் வந்தது, தெருமுனையில் சைபர் கஃபே வந்தது. நாங்கள் இருவரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தோம். பிலோ மட்டும் மெஷினை அணைக்கவில்லை. அதன் உடம்பு மாறியது, டிஸ்க் மாறியது, பெட்டிகள் அப்படியே இருந்தன. பிள்ளைகளின் மார்க் கார்டு, ஞானஸ்நானப் போட்டோ என்று தெரு தன் சாமானை எல்லாம் அதில் கொண்டுவந்து வைத்தது. ஆனால் 'நகலெடுப்பு பிலோவுக்கு மறந்துபோகும்' என்ற பேச்சும் கூடவே இருந்தது. கல்யாண வீடுகளில் அவள் முகத்துக்கு எதிரேயே கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மறந்தவள் அவள் இல்லை. நான்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது விக்டோரியா அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். எட்வின் திரும்பி வந்து, கல்யாணமாகி, பிள்ளைகளோடு அவர்கூடத்தான் இருக்கிறான். சர்ச் படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "காயிதம் போனா போவுது. அவ படிச்ச குரலு எனக்கு அப்டியே இருக்கு, ஒரு வார்த்த மறக்கல" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாலு மாசம் அவ மூஞ்சிய பார்க்காம திரும்பிக்கினு போனேனேம்மா. அத்த இப்ப யாருகிட்ட போய் சொல்றது?" என்றார். அவர் எழுந்து, என் கையைப் பிடிக்காமல், தானே படியிறங்கிப் போனார்.

செல்வராஜ் எனக்கு இரண்டு பொருள் கொடுத்தான். ஒன்று மெஷின். இனி அது என் வீட்டில் ஓடும், நகல் செல்வராஜ் வீட்டில் இருக்கும், தெருக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தங்களுடையதைக் கேட்கலாம். இன்னொன்று அந்த நோட்டு. பிரித்துப் பார்த்தேன். என் பதின்மூன்று டிக்குகளையும் பிலோ கோடு போட்டு அடிக்கவும் இல்லை, பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவும் இல்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் குறுக்கேயும் நானே கோடு போட்டு அடித்தேன்.

போன சனிக்கிழமை நகல் எடுத்தேன். சரிபார்க்க ஏதோ ஒன்றைத் திறந்தேன். மெஷின் கெட்டபோது, வெளியே இருந்த அந்தப் பதினோரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிலோ அனுப்பிய மெயில் அது. அதை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அன்புள்ள பிள்ளைகளே, நீங்க அம்மாவுக்கு எழுதினது எல்லாம் என் கவனக்குறைவால அழிஞ்சுபோச்சு. உங்ககிட்ட இருந்தா திருப்பி அனுப்புங்க. இல்லேன்னா மனசுல இருக்கிறத இன்னொரு தடவை எழுதுங்க. தப்பு என்னோடது மட்டும்தான்' என்று இருந்தது.

முதல் வரியைப் பார்த்தால் போதும் என்பது சட்டம். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, டிக் அடித்தேன்.