பதினைந்து நிமிடம் காலியாக இருந்த சார்ஜர்

2025ஆம் ஆண்டு நவம்பர் 12, புதன்கிழமை, காலை 9 மணி 12 நிமிடம். இரவெல்லாம் கொட்டிய மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. தென்கிழக்கே வானம் இன்னும் கறுத்தே கிடந்தது. பராமரிப்பு வேலை என்று ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கைப்பேசி அடித்தது. பேராவூரணியிலிருந்து என் மனைவியின் அண்ணன் மகன்.

"மாமா, அப்பா போயிட்டாரு. விடியக்காலம் நாலரைக்கு. ஆறு மணியிலேருந்து உங்களுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், லைனே கிடைக்கல. ராகு காலம் முடிஞ்சு ரெண்டு மணிக்கு எடுக்கறோம். அதுக்கு மேல தள்ள முடியாது மாமா. மழை இறங்கிட்டா சுடுகாட்டு வாய்க்காலைத் தாண்ட முடியாது. அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க."

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நேராகச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "முகத்தைப் பாத்துடணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். கூடப் பிறந்தவர்களில் அவளுக்கு மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் கீழ்வேளூர் வீட்டிலிருந்து பேராவூரணி 102 கிலோமீட்டர். எங்களுடையது மின்சாரக் கார். முந்தின நாள் ஓய்வூதிய வேலையாகத் தஞ்சாவூர் போய் வந்ததில் பேட்டரியில் 21 சதவீதம்தான் இருந்தது. அது ஐம்பது கிலோமீட்டர் போகும். காலையில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வீட்டிலோ கரண்ட் இல்லை.

"பேசாம ஒரு டாக்சி சொல்லிடுங்களேன்" என்றாள்.

"நாலாயிரம் கேப்பான். கூத்தாநல்லூர்ல நம்ம சார்ஜர் இருக்கு. அங்க போறதுக்கு இருக்கறது போதும். இருபத்தஞ்சு நிமிஷம் போட்டா பேராவூரணி வரைக்கும் தாங்கும். ஒன்னே முக்காலுக்கு அங்க இருப்போம்."

அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் மதகுகளின் நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதியவன். கடைமடைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்து சேரும் என்று சொல்லி, பத்து நிமிடத்துக்கு மேல் தவறியதில்லை.

'நம்ம சார்ஜர்' என்றேனே, அது கூத்தாநல்லூருக்கு வெளியே ஒரு ஓட்டலை ஒட்டி, எங்கள் கார் கம்பெனி வைத்தது. பெட்ரோல் பங்க் பிடி மாதிரி இரண்டு தொங்கும். கன் என்பார்கள். வைத்த புதிதில் எங்கள் கம்பெனி கார் தவிர வேறு எதிலும் அது ஓடாது. இந்தக் காரை நான் வாங்கியதே அதற்காகத்தான். வேறு கம்பெனிக் கார் ஒன்று ஒரு லட்சத்து எழுபதாயிரம் குறைவாகக் கிடைத்தது. "ஊருக்கெல்லாம் பொதுவா இருக்கற சார்ஜர்ல வரிசையில நிக்கணும் சார். இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும்" என்று ஷோரூமில் சொன்னார்கள். நம்பினேன்.

அந்தப் பக்கத்தில் நாங்கள் பதினொரு பேர் அந்தக் கார் வைத்திருந்தோம். வாட்ஸாப்பில் ஒரு குரூப். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி, நாங்களும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். வருகிறவர் குரூப்பில் சொல்ல வேண்டும். கன்னில் இருப்பவர் அறுபது சதவீதம் ஆனதும் கழற்றிக்கொடுத்துவிட வேண்டும். ஆப்பில் பதிவு செய்கிற வசதியும் இருந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை. வாய்ச்சொல்லே போதுமாக இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்ததில்லை.

முறை வைத்தவர் மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். நான் அவரை 'முதலாளி' என்பேன், அவர் என்னைக் 'கணக்குப்பிள்ளை சார்' என்பார். வண்டி சார்ஜ் ஏறும்வரை இருவரும் ஓட்டலில் உட்கார்ந்து டீ குடிப்போம். "கணக்குப்பிள்ளை சார், டீயில எத்தனை நுரை இருக்குன்னு எண்ணிட்டீங்களா?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஓய்வு பெற்ற பின் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் அவர்தான்.

அந்த வருடம் ஜூலையில் அவர்தான் ஒரு காகிதம் கொண்டுவந்தார். எங்கள் சார்ஜரை மற்றக் கம்பெனிக் கார்களுக்கும் திறந்துவிடலாம், எங்களுக்குச் சம்மதம் என்று கம்பெனிக்கு எழுதிய கடிதம்.

"நாம திறந்தா அவங்களும் திறப்பாங்க சார். நம்மகிட்ட ரெண்டு கன். மத்தவங்ககிட்ட நாகையிலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் பதினாலு. ரெண்டைக் குடுத்துப் பதினாலு வாங்கறோம். கணக்கு சரியா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏழாவது கையெழுத்து என்னுடையது.

எங்கள் சார்ஜர் அடுத்த மாதமே திறந்தது. அந்தப் பதினாலும் திறக்கவில்லை. குரூப்பில் இரண்டு முறை கேட்டேன். "வரும் சார், வரும்" என்று ஆலைக்காரர் போட்டார். அதற்குப் பிறகு நான் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டேன், கூத்தாநல்லூர்ப் பக்கம் போகவில்லை.

அன்று காலை 9.50க்குக் குரூப்பில் எழுதினேன்: 'துக்கத்துக்குப் போகிறோம். 11.20க்கு கூத்தாநல்லூர் வருவேன். ஒரு கன் வேண்டும்.' இரண்டே நிமிடத்தில் ஆலைக்காரர் பதில் போட்டார்: 'வாங்க சார்.' அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. 10.05க்குக் கிளம்பினோம். திருவாரூரில் நிறுத்தி மாலை வாங்கினோம். மனைவி அதைப் பின்சீட்டில் வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

11.20க்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு கன்னிலும் வண்டி. இரண்டுமே வேறு கம்பெனி. ஒன்றில் ஆளே இல்லை. இன்னொன்று சீட்டின் பாலிதீன் உறைகூடக் கழற்றாத புது வண்டி. அதற்குள்ளிருந்து ஆலைக்காரர் இறங்கினார்.

"இது யாரு வண்டி முதலாளி?"

"நம்மதுதான் சார். பழசைக் குடுத்துட்டேன், மூணு மாசம் ஆச்சு. சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்லவில்லை. மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட். சார்ஜர் திறந்ததும் ஆகஸ்ட். கடிதத்தை அவர் எழுதும்போதே புது வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதைப் பிறகு ஷோரூமில் தெரிந்துகொண்டேன்.

அப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. "அவ அண்ணன் தவறிட்டாரு. ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க. கழட்டிக் குடுங்க" என்றேன்.

"அடடா. பத்தே நிமிஷம் சார். எனக்கும் நாகப்பட்டினத்துல பேங்க் வேலை இருக்கு. எண்பது ஆனதும் கழட்டிடறேன்."

"அறுபதுதானே முறை?"

"அது அப்ப சார்."

சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டலுக்குள் போனார். 11.32க்குப் போய்க் கேட்டேன். "பத்து நிமிஷம் சார்." 11.45க்கும் அதே பத்து. வண்டிக்காரர் நிறுத்தாமல் கன் கழன்று வராது. மனைவி காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றேன்.

12.02க்கு அவர் வெளியே வந்தார். கழற்றி என் கையிலேயே கன்னைக் கொடுத்தார். மாட்டினேன். ஏறவில்லை. திரையில், அடுத்த நேரம் வேறொருவருக்குப் பதிவாகியிருக்கிறது என்று வந்தது. 12 மணி முதல் ஒரு மணி வரை. பதிவு செய்தவர் வராவிட்டாலும் பதினைந்து நிமிடம் அவருக்காக நிறுத்தி வைக்கும்.

"ஆப்ல போடலையா சார்?" என்றார் ஆலைக்காரர். "இப்ப அதுதானே முறை. குரூப்ல சொன்னா மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே வாங்கன்னீங்க?"

"வாங்கன்னுதான் சொன்னேன். கன் காலியா இருக்குன்னு சொன்னேனா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. டீயில் நுரை எண்ணச் சொன்ன அதே குரல். கதவை மூடிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

நான் தூறலில் அந்தக் கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கும் அது ஓடவில்லை. பதிவு செய்தவர் வரவும் இல்லை. ஓட்டல்கார பாய் குடையோடு வந்தார்.

"ஐயா, இதை நம்பாதீங்க. நம்ம பையனோட டாக்சி லெட்சுமாங்குடியில நிக்குது. வரச் சொல்றேன். வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"எவ்வளவு கேப்பான்?"

அதைக் கேட்டது என் வாய்தான். காரின் கண்ணாடி இறங்கியே இருந்தது. மனைவி கேட்டிருப்பாள்.

டாக்சி 12.31க்கு வந்தது. அதற்குள் பதினைந்து நிமிடம் கழிந்து சார்ஜர் பச்சை விளக்குக் காட்டியது. இனி அதில் போட்டாலும் நேரம் போதாது. சாவியை பாயிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பட்டுக்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைத் தாண்டி ரோடே தெரியவில்லை. 2.05க்கு மனைவி கேட்டாள், "எடுத்திருப்பாங்களா?"

2.36க்கு வீட்டு வாசலில் இறங்கினோம். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அண்ணன் மருமகள் ஈரப் புடவையோடு ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாள். "இருபது நிமிஷம் வச்சுப் பாத்தோம் அத்தை. மழை வந்துடுச்சு. உங்க மருமவன் ரோட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுத்தான் தூக்கச் சொன்னாரு." இவள் அழுதாள் என்று சொல்ல முடியாது. மாலையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆலைக்காரர் குரூப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருந்தார். கீழே எட்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அவரை ஏமாற்றுக்காரர் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பொய் இல்லை. சார்ஜரை எல்லோருக்கும் திறந்தது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ரோட்டில் போகிற யாருக்கும் எங்கேயாவது வீட்டில் துக்கம் இருக்கலாம்.

மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பும்போது காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். முந்தின இரவே நூறு சதவீதம் ஏற்றி, ஆப்பிலும் நேரம் பதிவு செய்து, திரையை அவளிடம் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"நான் பஸ்ல போய்க்கறேன். நீங்க வாங்க உங்க வண்டியில" என்றாள்.

பஸ்ஸில்தான் போனோம். மூன்று பஸ் மாறி. அதற்குப் பிறகு கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எங்கே கூப்பிட்டாலும் அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஜனவரியில் தஞ்சாவூரில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் விற்றேன். பதினைந்து லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கியது, எட்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் போயிற்று. நஷ்டம் ஏழு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். டாக்சிக்கு மூவாயிரத்து எண்ணூறு. மாலை நானூற்றைம்பது. ஆக மொத்தம் ஏழு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.