நாற்பத்தாறு நாள் கொய்யா இலை

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள், மன்னாரில் பல் டொக்டர் என் கடைவாய்ப் பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். சொத்தை தொடங்குகிறது, மேற்பரப்பு இன்னும் உடையவில்லை என்றார். புளோரைட் பூசிவிட்டு, "ஈஸ்டர் முடிய வாங்கோ அன்ரி. ஓட்டை விழுந்திருந்தால் துளைச்சு அடைப்பம்" என்றார். துளைக்கும் மெஷினின் சத்தம் கேட்டாலே என் கால்கள் தன்பாட்டில் வாசல் பக்கம் திரும்பிவிடும்.

வங்காலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். கொய்யா இலையிலும் தேயிலையிலும் உள்ள பொலிபீனோல்கள், பல்லைக் கெடுக்கும் கிருமிகள் பல்லில் ஒட்டுவதைக் குறைக்கக்கூடுமாம். அவை அமிலம் சுரப்பதையும் மட்டுப்படுத்தக்கூடுமாம். ஆய்வுகூடத்தில் நடப்பது வாய்க்குள்ளும் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை என்றும் எழுதியிருந்தது. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். பிறகு வசதியாக மறந்துவிட்டேன்.

கொய்யா மரம் பக்கத்து வளவில், அக்கா வீட்டில் நின்றது.

"பல்லுக்கு மருந்தோ, ஆட்டுக்குக் குழையோ?" என்று, நான் எட்டி இலை ஒடிப்பதைக் கண்ட அக்கா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"விஞ்ஞானம் அக்கா."

"விஞ்ஞானம் எண்டால் கீழ்க் கொப்பில ஒடி. மேல பூ நிக்குது."

விபூதிப் புதன் காலை தொடங்கினேன். எட்டு இலை, இரண்டு கோப்பைத் தண்ணீர், பாதியாக வற்றும் வரை அவித்தல். காலையும் மாலையும் கொப்பளிப்பு. கொப்பியில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சரி அடையாளம். ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனி வரை நாற்பத்தாறு நாள். அக்கா நாற்பது என்றாள். ஞாயிறுகளைச் சேர்க்காமல் விட்டால் நாற்பதுதான், ஆனால் என் பல் ஞாயிற்றுக்கிழமையும் வாயில்தான் இருக்கிறது என்றேன். பெரிய வெள்ளி மாலை கோயிலில் நின்றதால் ஒரு வேளை தவறியது. ஆக, தொண்ணூற்றொன்று.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, துணைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். டொக்டர் லைட்டைத் திருப்பினார். காற்றடித்தார். மீண்டும் பார்த்தார். என் கை கதிரையின் பிடியை விடவில்லை.

"உடையேல்ல அன்ரி. நல்லா இறுகியிருக்கு. துளைக்கத் தேவையில்லை."

நான் கதிரையிலிருந்து ஏறக்குறையக் குதித்தேன். வாயில் பஞ்சோடு, "கொய்யா! கொய்யா!" என்றேன். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் ஒன்றும் விளங்காமல் அக்காவைப் பார்த்தார்.

"அவவின்ர கொப்பியைப் பாருங்கோ டொக்டர்," என்றாள் அக்கா. "என்ர மரம் முழுக்க அதுக்குள்ளதான்."

டொக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தலையாட்டினார். பின்னட்டைப் பக்கம் வந்ததும் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அன்ரி, இதென்ன? ஒறுத்தல் எண்டு போட்டிருக்கு."

"அது தவக்காலத்துக்கு. பிளேன்ரீயோட பனங்கட்டி கடிக்கிறதை விட்டனான்."

"ஒரு நாளைக்கு எத்தினை பிளேன்ரீ?"

"ஆறு," என்றாள் அக்கா, நான் வாய் திறப்பதற்குள். "விருந்தாள் வந்தால் எட்டு."

டொக்டர் சிரித்தேவிட்டார். பல்லுக்கு நாளுக்கு ஆறு தடவை கிடைத்த இனிப்பு நாற்பத்தாறு நாள் நின்றிருக்கிறது, புளோரைட்டும் பூசியிருக்கிறது. இலை உதவியதா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றார். நான் கொப்பியில் கடவுளுக்கு ஒரு பக்கமும் விஞ்ஞானத்துக்கு ஒரு பக்கமும் ஒதுக்கியிருந்தேன். இரண்டும் ஒரே வாய்க்குள் நடந்ததை யோசிக்கவே இல்லை.

"அப்ப என்ர மரத்தை மொட்டையடிச்சது சும்மாவோ?" என்றாள் அக்கா.

"சும்மா எண்டும் சொல்லேலாது," என்றார் டொக்டர்.

சரியாக அறிய ஒரு வழி இருந்தது: பனங்கட்டியைப் பழையபடி கடித்துக்கொண்டு இலையைத் தொடர்வது. இல்லாவிட்டால் பல்லைக் காப்பது. ஆசை எனக்கு இரண்டிலும் இருந்தது. டொக்டர் துளைக்கும் மெஷினைச் சற்றே ஒதுக்கி வைத்தார். அதைக் கண்டதும் பல்லைக் காப்பதென்றே முடிவெடுத்துவிட்டேன்.

திரும்பும் பஸ் பாலத்தில் ஏற, காற்று கொப்பியைப் பறிக்கப் பார்த்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டு, 'முடிவு' என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். நாக்கால் அந்தப் பல்லைத் தடவினேன். முழுதாக இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"என்னடி?" என்றாள் அக்கா. பிறகு அவளும் தொடங்கிவிட்டாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோமோ என்று சட்டைக் கொலரைத் தடவிப் பார்த்தார்.