பாதி மீசையும் அரசு வானொலியும்

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் முடிவெட்டுகிறவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒல்லி உடம்பு. ஊருக்கெல்லாம் வெட்டிவிட்டுத் தன் காது முடியை மட்டும் வளர்த்துவந்தார். கடையில் எப்போதும் அரசு வானொலிதான். பாட்டோ செய்தியோ, எது ஓடினாலும் கத்திரியும் ஓடும். விளம்பரம் வந்தால் மட்டும் கோயில் மணி கேட்டவர் மாதிரி அப்படியே நின்றுவிடுவார்.

அன்று மீசையை எடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் போனதும் ஊறுகாய் விளம்பரம் வந்தது. பின்னாலேயே சிமெண்ட்.

"ஏங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு."

"இருங்க சார். இந்த விளம்பரக் காசுலதான் ரேடியோ ஓடிகினு இருக்கு. பாட்டை மட்டும் கேட்டுட்டு இதைக் கேக்கலன்னா பாவம்."

"அரசாங்க ரேடியோவுக்கு அரசாங்கம்தான் குடுக்கணும்."

"அப்புறம் அரசாங்கத்தைத் திட்டி ஒரு வார்த்தை வருமா?"

"சிமெண்ட்காரன் குடுத்தா சிமெண்ட்டைத் திட்டி வருமா?"

அவர் யோசித்தார். யோசனையில் கத்தி என் தொண்டைக்கு இறங்கிவிட்டது.

"அப்ப கேக்கறவங்கதான் குடுக்கணும். என்னா சொல்றீங்க?"

"குடுக்கணும், குடுக்கணும்" என்றேன்.

வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. பாதி மீசையோடு மைன்ஸுக்குப் போனேன்.

இப்போது வீட்டில் வானொலி ஓடும்போது விளம்பரம் வந்தால், பிட்ட தோசை என் கையிலேயே நிற்கிறது.

"என்னங்க ஆச்சு?" என்கிறாள் மனைவி.

"இரு, விளம்பரம் முடியட்டும்."