மைக் சிறில் கேட்ட தேர்தல்

சாவு விழுந்தாலும் மீன் வந்தாலும் குழாயில் தண்ணீர் நின்றாலும் மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் மக்களுக்குச் சேதி சிறிலின் குரலில்தான் வரும். ஆட்டோவின் கூரையில் ஓர் ஒலிபெருக்கி, முன் இருக்கையில் சிறில், கையில் மைக். அதனால் அவர் மைக் சிறில்.

அந்தக் குரல் இருபத்தெட்டு வருடம் அப்துல் ஸமத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1997இல் பிரதேச சபைக்குப் போனவர் ஸமத். அதன்பின் வந்த நான்கு தேர்தல்களிலும் அவரே. ஊருக்கு அவர் மெம்பர், சிறிலுக்கு அண்ணன் முறையில் நாநா. ஐந்து தேர்தல்களிலும் அவருக்கு முன்னே தெருத் தெருவாகப் போனது சிறிலின் குரல்.

முதல் தேர்தலைப் பற்றிக் கேட்டால் சிறிலின் முகம் மாறிவிடுகிறது. இரவல் வாங்கிய மொறிஸ் மைனர் கார். கூரையில் ஒலிபெருக்கியைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வளைவுகளில் அது திரும்பிக்கொண்டு, காருக்குள் இருந்தவர்களிடமே வாக்குக் கேட்கும். ரயில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டேஷனடிக் கடையில் பிளேன்டீ. எதிர்க்கட்சிக்காரரின் வேன் ஒடுங்கிய பாதையில் எதிரே வந்தால் இரண்டு பக்கமும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, யார் பின்னுக்கு எடுப்பது என்று சிரித்துப் பேசி முடிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஸமத்தின் மனைவி நாச்சியா, இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணீரை பிளாஸ்கில் அனுப்பிவைப்பார். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரே மூடியில் மாறி மாறிக் குடிப்பார்கள்.

அந்த ஐந்து தேர்தல்களிலும் மைக் தவறாமல் சொன்ன ஒன்று, மேட்டு வரிசைக்கு ரோட்டு. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றைத் துண்டு துண்டாக விற்றபோது மலைச்சரிவில் எழுந்த வீடுகள் அவை. சிறிலின் வீடும் அங்கேதான். மழை பெய்தால் பாதை ஓடையாகிவிடும். ஆட்டோக்கள் அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

2024ஆம் ஆண்டுக் கடைசி மழையில், பக்கத்து வீட்டு நிஷாந்தினிக்குப் பிரசவ வலி எடுத்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு உயிரும் தப்பியது பெரிய காரியம். மறுநாள் ஸமத் பால்மாவும் சீனியும் எடுத்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி மேலே ஏறி வந்தார்.

"நாநா, ரோட்டு?" என்று கேட்டார் சிறில்.

"அடுத்த தவண கட்டாயம் பாப்போம் தம்பி."

ஸமத் இறங்கிப் போனதும் சிறிலின் மனைவி சவரியம்மா சொன்னார்: "இனி இவருக்கு மைக் புடிச்சீங்கன்னா இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு இல்ல."

மாத்தளையில் சிலர் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு அமைத்திருந்தார்கள். சின்னம், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல். அந்த வட்டாரத்துக்கு அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சிறில் வேட்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்.

செய்தி ஸமத்துக்கு எட்டியது. தேநீர்க் கடையில் சிறிலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு எதிரா எலெக்ஷன் கேக்குறியாம். முந்தியே செல்லியிருந்தா உனக்கு ஒரு நல்ல போட்டோவாவது எடுத்துக் குடுத்தீப்பேனே" என்றார். கடை சிரித்தது. சிறிலும் சிரித்தார்.

பிரசாரத்தின் முதல் நாள். சந்தையடியில் ஆட்டோ நின்றது. சிறில் மைக்கை உதட்டருகே பிடித்து, வழக்கமான இழுவையோடு ஆரம்பித்தார். வாசகங்கள் தடையில்லாமல் வந்தன. கடைசியில், "உங்கள் பொன்னான வாக்குகளை நமது அன்பு வேட்பாளர் அல்ஹாஜ் அப்துல் ஸமத் அவர்களுக்கே அளித்து..." என்று சொல்லியே விட்டார்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த றிகாஸ்தான் முதலில் வாய் திறந்தான்.

"சிறில் அண்ணே, அவருக்குத்தான் போடணும்னா நீங்க என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. ஸமத்தே போன் எடுத்து, "இந்தத் தரமும் நல்லாத்தான் கேட்டீக்கிறாய் தம்பி" என்றார். அன்று மாலை பிளாஸ்கும் வந்தது. வாங்குவதா திருப்புவதா என்று சிறில் மனைவியைப் பார்த்தார்.

"குடிங்க. ஓட்ட மட்டும் குடுத்துறாதீங்க," என்றார் சவரியம்மா.

அடுத்த நாள் சிறில் மைக்கை வீட்டில் வைத்துவிட்டு மேட்டு வரிசையில் வாசல் வாசலாகப் போனார். ஓய்வுபெற்ற தபால்காரர் லெட்சுமணன் அவரை உட்காரவைத்து, கடைசிவரை கேட்டார்.

"ரோட்டா? அத நீ அஞ்சு தரம் போட்டுட்டியே சிறிலு. மைக்குல."

சிறில் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அங்கும் அதையே கேட்டார்கள். ஆனாலும் ஒரு வீட்டையும் விடவில்லை.

மே மாதம் தேர்தல் நடந்தது. வாக்களித்த இடங்களிலேயே எண்ணினார்கள். நூற்றுக்கணக்கில் வென்று பழகிய ஸமத் இம்முறை முப்பத்தேழு வாக்குகளால் தப்பினார். மேட்டு வரிசைச் சாவடியில் முதலாவதாக வந்தது கேத்தல்.

மறுநாள் காலையில் ஸமத் சிறிலின் வாசலுக்கு வந்தார். வென்றவர் ஊரைச் சுற்றி நன்றி சொல்ல வேண்டும், அது வழக்கம்.

"எழும்பு தம்பி. நன்றி செல்லப் போவோம்."

"நாநா, ரோட்டப் போடுங்க. அன்னைக்கு நானே வந்து சொல்றேன்."

"வேற ஆளப் புடிக்கவா, அப்ப?"

"புடிங்க."

மாத்தளையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல குரல்தான். ஆனால் சந்து ஒழுங்கைகளின் பெயர்கள் அவனுக்குத் தெரியவில்லை. செத்துப்போன இரண்டு பேருக்கும் சேர்த்து நன்றி சொன்னான். சந்திக்குச் சந்தி ஆட்கள் ஸமத்தை நிறுத்திக் கேட்டது ஒன்றுதான்: "சிறில் எங்க?" பாதி ஊரில் ஸமத் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் மேட்டு வரிசையின் அடிவாரத்தில் மணலும் கருங்கல்லும் வந்து இறங்கின. சபையிலும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்திலும் ஸமத் எத்தனை கதவு தட்டினார் என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கொங்கிரீட் போட்ட நாட்களில் மேட்டு வரிசை ஆட்களோடு வரிசையில் நின்று வாளி கைமாற்றினார் சிறில்.

ஸமத் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப செல்லுவியா?"

"மேல இன்னும் ஒரு துண்டு இருக்கு நாநா."

ஸமத் அந்தத் துண்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பொடியனோட வண்டில ஈக்க ஏலாமப் போச்சு தம்பி. கதைக்க ஒரு கதையும் இல்ல" என்றார்.

சிறில் அடுத்த வாளியை வாங்கி மேலே கொடுத்தார். ஸமத் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த துண்டைப் பார்க்க ஏறினார்.