பலாப்பழமும் பத்து எண்ணிக்கையும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத நான், போன ஞாயிற்றுக்கிழமை பதினைந்து கிலோ பலாப்பழம் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன்.

என்ன ஆபரேஷன்? சிறுநீர்க் கசிவுக்கு. தும்மினால் சொட்டும், இருமினால் சொட்டும், சிரித்தால்... வேண்டாம். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களைச் சிரிக்க வைக்கப் பாடுபடுகிறவள், தான் சிரிப்பதற்கு முன் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம். கடைசியில் உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு நாடா வைத்தார்கள், நின்றது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வரவிட்டு முக்கக் கூடாது. இருமலை இழுத்தடிக்கக் கூடாது. இடுப்புத் தசைப் பயிற்சி தினமும். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

பிறகு ஏன் தூக்கினேன்? எங்கள் பிளாக்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு — குவார்ட்டர்ஸ் மரத்துப் பலாவை வீட்டுக்குள் தூக்கிவந்து கொடுப்பவருக்குப் பாதிப் பழம். கணவர் மைன்ஸ் ஷிப்டில். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு பிலோமினா.

"வுடுங்கக்கா, நான் தூக்கியாறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒடம்பு."

"பரவால்ல பிலோ. சின்னப் பழந்தான்."

மறுநாள் காலை தும்மினேன். இரண்டு சொட்டு.

மறுபடியுமா? பஸ்ஸில் கதவோர சீட், கல்யாணத்தில் கடைசி வரிசை, கைப்பையில் மாற்றுப் புடவை... எல்லாம் மறுபடியுமா? ஓடினேன்.

டாக்டரம்மா நிற்கவைத்து இருமச் சொன்னார். பரிசோதித்தார். "தப்பிச்சீங்க. நாடா நகரல. பயிற்சி பண்றீங்களா?"

"டைம் கிடைக்கிறப்போ..."

"எப்ப கிடைச்சுது?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"ஆபரேஷன் என் வேலை. திரும்ப வராம பாத்துக்கறது உங்க வேலை."

அப்படியென்ன பெரிய பயிற்சி? சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கி, மூச்சைப் பிடிக்காமல் பத்து எண்ணி, விட வேண்டும். பத்து முறை, மூன்று வேளை. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், யாருக்கும் தெரியாது. சோம்பேறிகளுக்கென்றே செய்த உடற்பயிற்சி — அதற்கும் எனக்குச் சோம்பல். நோய்க்கு நாம் பயப்படுவதெல்லாம் டிஸ்சார்ஜ் வரைக்கும்தான். பயத்தை அந்தக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இப்போது வழி கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டில் கணவர் மைன்ஸ் கதையை ஆரம்பித்ததும் நானும் எண்ண ஆரம்பித்துவிடுவேன். "இப்பல்லாம் நான் சொல்றத எவ்ளோ கவனமா கேக்குற" என்று நெகிழ்ந்துபோகிறார். கெடுப்பானேன்?

பாதிப் பழத்தை எடுத்துக்கொண்டு போய் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எனக்கும் அதே ஆபரேஷன்தாங்கக்கா. ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் வுட்டதில்ல, ஒரு சொட்டு வந்ததில்ல."

"எப்படிம்மா மறக்காம பண்ற?"

"காலைல ஜெபம் முடிச்சி ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கறப்ப ஒரு தரம். ஒங்க பத்தி வர்ற அன்னிக்கி மட்டும் அதைப் படிச்சிகினே பண்ணுவேங்க. நடுவுல சிரிப்பே வராதுங்களா, எண்ணிக்கை தப்பறதேயில்ல."