பார்த்துப் படிக்கிறவர்

நகரிக்குப் பக்கத்தில் தறிக்காரர்கள் ஊர் ஒன்று. அங்கே பொன்னியம்மன் கோயிலில் ஒரு சட்டம் உண்டு. ஆடி மாதம் அம்மன் வாக்கை எழுத்தைக் கண்ணால் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மொத்தமும் மனப்பாடமாக இருந்தாலும் சரி, பார்க்காமல் ஒரு வரிகூடச் சொல்லக்கூடாது. காப்புப் பாட்டுக்கு மட்டும் விலக்கு, அது ஊரில் எல்லார் வாயிலும் இருப்பது. மற்றதை மனசிலிருந்து சொன்னால் அது அம்மன் வாக்கு இல்லை, சொல்கிறவனுடைய வாக்கு. மனசு சும்மா இருக்குமா? தனக்குப் பிடித்த சொல்லை நடுவில் செருகிவிடும். அதற்காகவே படிப்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, எழுத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வருவார்.

இருபது வருஷமாகப் படிக்கிறவர் வேதாச்சலம். மற்ற நாளில் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, நூல் விலை பற்றிப் புலம்பும் சாதாரண மனுஷன். ஆடியில் கோயில் பலகைமேல் படிக்க உட்கார்ந்துவிட்டால் பேச்சே வேறு. ஊரே கைகட்டிக் கேட்கும். அந்த ருசியை அவரால் விட முடியவில்லை.

மூன்று வருஷமாக அவர் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான். திருப்பதிக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். நரம்பு போய்விட்டது, இனி கண்ணாடியும் உதவாது, ஆபரேஷனும் உதவாது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நேராக மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, சாமி பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஊருக்குள் நுழைந்தார். லட்டு கொடுத்ததும் யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. மனைவி ருக்மணி மட்டும் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அதன்பிறகு படித்ததெல்லாம் நடிப்பு. புத்தகம் மடியில் விரிந்திருக்கும், வரி நெஞ்சிலிருந்து வரும். எந்தச் சொல்லில் பக்கம் முடியும் என்பதும் அவருக்குப் பாடம். சரியாக அங்கே விரல் தாளைப் புரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்பவன் ருக்மணியின் தம்பி உமாபதி. அவனுக்கே சந்தேகம் வரவில்லை.

அப்படியே ஓட்டியிருப்பார். எல்லைத் தகராறு தீர்ந்ததுதான் வினையாகப் போயிற்று. திருத்தணிப் பக்கம் மெட்ராஸோடு சேர்ந்தது, இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. கோடு போட்டவர்களுக்குப் பொன்னியம்மனைப் பற்றி என்ன கவலை? புத்தகத்தைக் காத்து ஆடிக்கு ஆடி கொண்டுவரும் பங்காளிகள் பள்ளிப்பட்டில், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இனிமேல் தங்கள் ஊரிலேயே தனியாக ஆடி நடத்தப்போவதாகவும், புத்தகம் தங்களோடே இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளலாமாம். உமாபதி போய்த் தங்கி எழுதிக்கொண்டு வந்தான்.

"மாமா, உனுக்குத்தான் எழுத்த நல்லா பெருசா போட்டுக்கினு வந்துக்கிறேன். போன வருசம் புத்தகத்துமேல ரொம்ப குனிஞ்சிக்கினு இருந்தியே" என்றான் சந்தோஷமாக.

வேதாச்சலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரிய எழுத்து என்றால் பக்கம் கூடும். எந்தச் சொல்லில் எந்தப் பக்கம் முடிகிறதோ, யார் கண்டார்கள்? புதுப் புத்தகமோ பூஜையில் ஏறிவிட்டது, படிக்கிற நாள்வரை தொடக்கூடாது. அவருக்குத் தறியில் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எங்காவது போய்விடலாம் என்று புத்தூர் பஸ்ஸில் ஏறுவார், பாதியில் இறங்கித் திரும்புவார்.

"சொல்லிடுங்க. உமாபதிகிட்டயாவது சொல்லிடுங்க" என்றாள் ருக்மணி.

"சொன்னா எறக்கி வுட்டுருவாங்கடி. அப்புறம் நான் யாரு இந்த ஊர்ல?"

படிக்கும் நாள் மத்தியானம் கூட்டம் நிறைந்தது. காப்பு முடிந்தது. வேதாச்சலம் கணீரென்று தொடங்கினார். முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு என்று தடங்கலில்லாமல் போயிற்று. எங்கே புரட்டுவது என்ற பதற்றத்தில் விரல் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, புரட்டவில்லை. நாலாம் வாக்கில் உமாபதி அவர் கையைப் பிடித்தான்.

"மாமா, பக்கம் அப்பவே முடிஞ்சிபோச்சே" என்றான் மெதுவாக.

வேதாச்சலம் அவசரமாகப் புரட்டினார். இரண்டு தாள் சேர்ந்து வந்தது. தெரியாமல் மேலே சொல்லிக்கொண்டே போனார். உமாபதி அவர் முகத்தைப் பார்த்தான், அந்தக் கண்ணைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னாப்பா அங்க?" என்றார் தர்மகர்த்தா நாராயணசாமி.

"ஒண்ணுமில்லிங்க. புதுத் தாளு, ஒட்டிக்கினு கீது" என்றான் உமாபதி.

"ஒட்டிக்கினு கீற பக்கத்த உங்க மாமா எப்டிப் படிச்சாரு?"

உமாபதி அவசரமாகத் தாளைப் பிரிக்கப் போனான். தனக்காகப் பொய் சொல்லி மச்சான் மாட்டிக்கொண்டதை வேதாச்சலத்தால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"எனுக்குக் கண்ணு தெரியல. மூணு வருசமா பார்க்காமதான் சொன்னேன்."

பெண்கள் பக்கம் ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டம் சலசலத்தது. வாக்கைக் கேட்டு முடித்தால்தான் விரதம் முடிக்கலாம்; மூன்று ஆடியும் இவர் சொன்னதை நம்பி விரதம் முடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாராயணசாமிக்குக் கோபத்தில் மீசை துடித்தது.

"பைத்தியக்காரா! கண்ணு கீறவன் பார்க்காம சொல்லக்கூடாதுன்னுதான சட்டம்? கண்ணில்லாதவன் வேற எப்டிச் சொல்லுவான்? அவன் சொல்லலாம், பக்கத்துல ஒருத்தன் எழுத்தப் பார்த்துக்கினு இருந்தா போதும். எங்க தாத்தா அப்டித்தான் சொன்னாரு. ஒண்ணுதான், சொல்றதுக்கு மின்ன 'கண்ணு தெரியாதவன் சொல்றேன்'னு ஊரறிய சொல்லிட்டுத் தொடங்கணும். நீ மறைச்சியே, அதுதான் தப்பு. அந்த மூணு வருசமும் செல்லாது. மறுபடி மொதல்லருந்து ஆரம்பி."

இவ்வளவுதானா? இதற்கா மொட்டை, இதற்கா பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியது? வேதாச்சலத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பலகையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"கண்ணு தெரியாதவன் சொல்றேன், கேளுங்க."

முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. இருபது வருஷமாக நாக்கில் இருந்த வரி, எங்கே தேடியும் அகப்படவில்லை. உமாபதி குனிந்து, தான் எழுதிய பெரிய எழுத்தின்மேல் விரலை வைத்து, அவர் காதருகே அந்த வரியை மெதுவாகப் படித்தான். வேதாச்சலம் அதைக் கேட்டுச் சொன்னார்.